ஆசிரியர்களுக்கு எந்தப் புக்மார்க் கருவி பொருந்தும்? படிப்படியாகத் தெரிவு செய்வோம்

வலிகாமத்தில் ஓர் ஆசிரியர் தரம் 10 பாடத்துக்கு நல்ல காணொளி ஒன்றைத் தேடிப் பிடித்து, பாடசாலை வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். இரண்டு நாளில் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் சுற்றறிக்கைப் படங்களுக்கும் அடியில் அது போய்விடுகிறது. வடமராட்சியில் அதே பாடம் படிப்பிக்கும் இன்னொருவர், அதே காணொளியை முதலிலிருந்து தேடத் தொடங்குகிறார். தமிழ் மொழிமூலத்தில் நல்ல பாடப் பக்கங்கள் குறைவு, இருப்பவையும் சிதறிக் கிடக்கின்றன. ஒருவர் கண்டெடுத்தது மற்றவருக்குக் கிடைக்காமல் போவது நமக்குப் பெரிய நட்டம். அதனால்தான் கூட்டாகப் பயன்படுத்தும் புக்மார்க் கருவி ஒவ்வோர் ஆசிரியர் குழுவுக்கும் வேண்டும் என்கிறேன்.

இந்தக் கருவிகளில் பட்டியல் உங்கள் கணினியில் இல்லாமல் இணையத்தில் இருக்கும். ஒவ்வோர் இணைப்புக்கும் தலைப்பு, சிறு குறிப்பு, குறிச்சொற்கள் (பின்னர் தேடிப் பிடிக்க உதவும் சிறு சொற்கள்) சேர்க்கலாம். மற்றவர்கள் பார்க்கலாம், அனுமதித்தால் அவர்களும் சேர்க்கலாம். அவ்வளவுதான்.

படி 1: யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

உங்களுக்கு மட்டும் என்றால் புதிய கருவி தேவையே இல்லை. குரோம் உலாவியின் புக்மார்க்கே போதும், கூகுள் கணக்கில் நுழைந்திருந்தால் போனிலும் வரும். சக ஆசிரியர்களோடு என்றால் பலர் சேர்ந்து திருத்தக்கூடிய கருவி வேண்டும். மாணவர்களுக்கு என்றால் கணக்குத் திறக்காமலே போனில் திறக்கவேண்டும். 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இப்படியான சேவைகளில் கணக்குத் திறக்கச் சொல்லவே வேண்டாம். பட்டியலைப் பார்க்க ஓர் இணைப்பு கொடுத்தால் போதும்.

படி 2: வெளியே வரும் வழியைப் பாருங்கள்

எல்லோரும் முதலில் வசதிகளைத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது, சேர்த்ததை எல்லாம் ஒரே கோப்பாக வெளியே எடுக்க முடியுமா என்பதை.

காரணம் இருக்கிறது. 2003இல் தொடங்கிய டிலிஷியஸ்தான் இந்த வகைச் சேவையைப் பரவலாக்கியது. 2005இல் யாஹூ அதை வாங்கியது, 2011இல் இன்னொரு நிறுவனத்துக்கு விற்றது. 2017இல் பின்போர்ட் என்ற இன்னொரு புக்மார்க் சேவை அதை வாங்கியபோது, இனிமேல் புதிதாக எதையும் சேர்க்க முடியாது என்றானது. பக்கங்களைப் பிறகு வாசிக்கச் சேமித்து வைக்கும் பொக்கெட்டின் கதையும் அப்படித்தான். 2017இல் பயர்பொக்ஸ் உலாவியின் நிறுவனமான மொசில்லா வாங்கிய அந்தச் சேவை 2025 ஜூலை 8ஆம் திகதி மூடப்பட்டது. பல ஆண்டுகளாகச் சேர்த்தவர்களில், உரிய காலத்துக்குள் பட்டியலை வெளியே எடுத்தவர்களுக்கே அது மிஞ்சியது. பெரிய பெயர் பின்னால் இருப்பது எந்தச் சேவைக்கும் ஆயுள் உத்தரவாதம் ஆகாது.

ஆகவே கணக்குத் திறந்த அன்றே அமைப்புகளுக்குள் போய் ‘ஏற்றுமதி’ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எச்டிஎம்எல் கோப்பாகவோ சிஎஸ்வி கோப்பாகவோ தந்தால் நல்லது. எச்டிஎம்எல் கோப்பைப் பெரும்பாலான உலாவிகளும் மற்றக் கருவிகளும் உள்ளே எடுத்துக்கொள்ளும். சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறக்கலாம். இரண்டும் இல்லையென்றால் அந்தக் கருவியில் ஒரு தவணையின் உழைப்பைக்கூடப் போடாதீர்கள்.

படி 3: இரண்டு மூன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள்

தொடக்கக்காரருக்கு நான் சொல்வது ரெயின்ட்ரொப். இலவசக் கணக்கிலேயே எத்தனை இணைப்பும் சேர்க்கலாம், தொகுப்புகளாகப் பிரிக்கலாம், ஒரு தொகுப்புக்குள் இன்னொன்றை வைக்கலாம், மற்றவர்களை அழைத்துச் சேர்ந்து திருத்தலாம். பொதுவாக்கிய தொகுப்பைக் கணக்கில்லாதவரும் திறக்கலாம். ஏற்றுமதியும் உண்டு. பக்கங்களுக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுவது போன்ற சிலவற்றுக்குத்தான் பணம் கேட்கும்.

உயர்தர வகுப்பில் கட்டுரைகளை வாசித்துக் கலந்துரையாடுபவர் என்றால் டீகோவைப் பாருங்கள். பக்கத்திலேயே வரிகளை நிறமிட்டு, ஓரத்தில் குறிப்பு ஒட்டி, அதைக் குழுவுக்குக் காட்டலாம். இலவசக் கணக்கில் சில எல்லைகள் இருக்கின்றன, சேருமுன் படித்துக்கொள்ளுங்கள்.

வேக்லெட் பார்க்க அழகு. இணைப்புகள் படங்களோடு அட்டைகளாக வருவதால் சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அந்தப் படங்கள் டேட்டாவைக் குடிக்கும். பின்போர்ட் எளிமையானது, வேகமானது. ஆனால் டொலரில் ஆண்டுக் கட்டணம் கட்டவேண்டும், நம்மில் பலருக்கு அது சரிவராது.

இவை எதுவும் வேண்டாம் என்று நினைக்கும் குழுவுக்கு ஒரு கூகுள் ஷீட் போதும். தலைப்பு, இணைப்பு, தரம், அலகு, குறிப்பு என ஐந்து நிரல்கள் இருந்தால் சரி. கணினிப் பழக்கம் குறைந்த மூத்த ஆசிரியர்கள் இருக்கும் குழுவில் இதுதான் உண்மையில் நிலைக்கும்.

படி 4: ஒரே ஓர் அலகை வைத்துப் பரிசோதியுங்கள்

முழுப் பாடத்திட்டத்தையும் ஏற்றத் தொடங்கவேண்டாம். ஓர் அலகை எடுங்கள். யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக்கல் நிலமும் நிலத்தடி நீரும் என்று வைத்துக்கொள்வோம். ‘நிலத்தடி நீர்’ என்று தொகுப்பு ஒன்றைத் திறந்து, பத்து இணைப்புகளைச் சேருங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் உள்ள பாடநூல், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டி, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ பாடம், நூலகம் இணையத்தளத்தில் கிடைக்கும் பழைய நூல் ஒன்று, நிலாவரைக் கிணற்றின் வரைபட இணைப்பு, ஒரு காணொளி என்று வகைக்கொன்றாவது எடுங்கள்.

கணினியில் கருவியின் நீட்சியை (உலாவியோடு சேர்க்கும் சிறு துணைச்செயலியை) குரோமில் நிறுவினால் ஒரு சொடுக்கில் சேமிக்கலாம். அன்ட்ரொயிட் போனில் செயலியை நிறுவியபின், எந்தப் பக்கத்திலும் ‘பகிர்’ அழுத்தினால் அந்தக் கருவியின் பெயரும் பட்டியலில் வரும்.

படி 5: தலைப்பையும் குறிச்சொல்லையும் கையால் எழுதுங்கள்

அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் இடம் இது. ஆனால் பட்டியல் அடுத்த ஆண்டும் உதவுமா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது.

நம் பாடக் கோப்புகள் பல, வெறும் இலக்கங்களையே பெயராகக் கொண்ட பிடிஎப்கள். பழையவை சில, யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை. அவற்றின் தமிழ், தேடலில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். கருவி தானாக எடுக்கும் தலைப்பை விட்டால் பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அழித்துவிட்டு யூனிகோட் தமிழில் நீங்களே எழுதுங்கள்: ‘தரம் 10 புவியியல் – நிலத்தடி நீர் – செயலட்டை’.

குறிப்பில் மூன்று விடயங்கள் போதும்: எந்தப் பக்கம் முக்கியம், வகுப்பில் எப்படிப் பயன்படும், கோப்பு எத்தனை எம்பி. கடைசியானதைச் சின்ன விடயம் என்று நினைக்காதீர்கள். நெடுந்தீவில் இருந்து போன் டேட்டாவில் திறக்கும் பிள்ளைக்கு 40 எம்பி கோப்பா 2 எம்பி கோப்பா என்று முதலே தெரியவேண்டும்.

குறிச்சொற்களை குழுவாக உட்கார்ந்து முடிவெடுங்கள். ஒருவர் ‘தரம்10’, இன்னொருவர் ‘தரம் 10’, மற்றவர் ‘பத்தாம் ஆண்டு’ என்று போட்டால் ஒரே பாடம் மூன்று இடத்தில் கிடக்கும். இடைவெளி இல்லாமல் ‘தரம்10’ என்பதே எல்லாக் கருவிகளிலும் சிக்கலில்லாதது. தமிழ்நாட்டுத் தளங்களில் இருந்து எடுப்பவற்றுக்கும் நம் பாடநூலில் உள்ள சொல்லையே குறிச்சொல்லாக வையுங்கள். பக்கம் ‘வேதியியல்’ என்று சொன்னாலும் நம் பட்டியலில் அது ‘இரசாயனவியல்’.

படி 6: பகிருங்கள்

தொகுப்பின் பகிர்வு அமைப்பில் பொதுவாக்கி, கிடைக்கும் இணைப்பை எடுங்கள். அதை முதலில் கணக்கில் நுழையாத இன்னொரு போனில் திறந்து பாருங்கள், உள்நுழையச் சொல்லிக் கேட்டால் அமைப்பு பிழை. சரியாகத் திறந்தால் குரோமின் பகிர்வுப் பட்டியலிலேயே கியூஆர் குறியீடு உருவாக்கலாம். அதை அச்சிட்டுக் கணினி அறைச் சுவரில் ஒட்டுங்கள், பெற்றோர் குழுவிலும் போடுங்கள். தொகுப்பில் மாணவரின் பெயர், புள்ளி, படம் எதுவும் இருக்கக்கூடாது.

திருத்தும் உரிமையை எப்போதும் இரண்டு பேருக்காவது கொடுங்கள். ஆசிரியருக்கு இடமாற்றம் வரும், தீவகத்துக்கோ தென்மராட்சிக்கோ போய்விடுவார். தொகுப்பு அவருடைய தனி மின்னஞ்சலில் மட்டும் இருந்தால் பாடசாலைக்கு அது இல்லாமல் போகும்.

அப்புறம் பராமரிப்பு. ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் இணைப்புகளை ஒருமுறை சொடுக்கிப் பாருங்கள். இறந்துபோனதை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடினால் பழைய பிரதி கிடைக்கக்கூடும். மிக முக்கியமான பக்கங்களை, இருக்கும்போதே அங்கே சேமித்துவிடுவது இன்னும் நல்லது. அரசாங்கத் தளங்களில் முகவரிகள் மாறக்கூடும் என்பதால் பாடநூல் பிடிஎப்களைத் தரவிறக்கியும் வையுங்கள். அதே நாளில் முழுப் பட்டியலையும் ஏற்றுமதி செய்து, கோப்பின் பெயரில் திகதியைச் சேர்த்து, ஒரு பிரதியைப் பாடசாலைக் கணினியிலும் இன்னொன்றை உங்கள் பென் டிரைவிலும் போட்டுவிடுங்கள்.