கடலோர வீட்டில் கணினி கிளம்பாதபோது

கடலூரில் தேவனாம்பட்டினம், முதுநகர் போன்ற கடலை ஒட்டிய பகுதிகளில் இருப்பவர்கள், வீட்டுக் கணினி ஒருநாள் காலையில் கிளம்ப மறுத்தால், முதன்மைப் பலகையான மதர்போர்டு போய்விட்டதென்று உடனே முடிவுகட்ட வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரமும் காற்றிலுள்ள உப்பும் சேர்ந்து உலோக முனைகளில் படலமாகப் படிவதால், பாகங்கள் நன்றாக இருந்தும் அவற்றின் தொடர்பு விட்டுப்போயிருக்கலாம். ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன்னர் இணைப்புகளைப் பார்க்க வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தியும் விளக்கோ விசிறியோ அசையவில்லை என்றால், மின்சாரமே உள்ளே வரவில்லை என்று கொள்ளலாம். அதே பிளக்கில் மேசை விளக்கை மாட்டிப் பார்த்துவிட்டு, யு.பி.எஸ்ஸைத் தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் இணைத்துப் பார்க்கவும். பேட்டரி தீர்ந்த யு.பி.எஸ். பலரை வீணாக அலைய வைத்திருக்கிறது. சி.பி.யு. பெட்டியின் பின்புறமுள்ள சிறு சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்பதையும் கவனிக்கவும். பின்னர் மின்கம்பியைக் கழற்றி, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மீண்டும் மாட்டி முயலலாம். இதற்கும் அசையாவிட்டால் பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். மீது ஐயம் கொள்ளலாம்; ஆனால் அந்த எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது, மின்கம்பியைக் கழற்றிய பிறகும் அதனுள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.

விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால், இப்பகுதியில் முதலில் பார்க்க வேண்டியது ராம் எனப்படும் நினைவகப் பலகை. (தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளவர்கள், மானிட்டர் கேபிளைத் தவறுதலாக மதர்போர்டின் துளையில் செருகியிருக்கிறார்களா என்பதை அதற்கு முன் பார்த்துக்கொள்வது நலம்.) மின்கம்பியைக் கழற்றி, பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிய பிறகு, இருபுறத் தாழ்களைத் தளர்த்தி ராமை வெளியே எடுக்கவும். அதன் பொன்னிற முனைகள் மங்கியோ பச்சையோடியோ இருந்தால், பள்ளிப் பிள்ளைகள் பயன்படுத்தும் வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களை உலர்ந்த தூரிகையால் தட்டிவிட வேண்டும். ராம் செருகும் துளையை வாயால் ஊதுவது தவறு. எச்சிலின் ஈரம் மேலும் கேட்டை விளைவிக்கும். தாழ் தானாகச் சொடுக்கி நிற்கும் வரை அழுத்திப் பொருத்தவும். இரண்டு ராம்கள் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்தால் பழுதானது எதுவென்று தெரிந்துவிடும்.

கடிகாரம் ஒவ்வொரு முறையும் பழைய தேதிக்கே திரும்பினால், மதர்போர்டிலுள்ள சி.ஆர். 2032 எனும் 3 வோல்ட் நாணய பேட்டரியை மாற்றவும்.

திரை வந்தும் விண்டோஸ் வரவில்லை என்றால், முதலில் பென்டிரைவ்களைக் கழற்றவும். கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் எனும் அமைப்புத் திரையில் ஹார்டு டிஸ்க்கின் பெயர் தெரியவில்லையெனில், இணைப்புக் கேபிளின் இரு முனைகளையும் கழற்றி மாட்டவும். தெரிந்தால், தானாகத் தோன்றும் பழுதுநீக்கும் திரை வழியே முயலலாம். ஆனால் ஹார்டு டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று ஒலி வந்தால், கணினியை அணைத்துவிட்டுக் கோப்புகளை மீட்பதற்கான வழியைப் பார்க்க வேண்டும்.

வெள்ளம் புகுந்த கணினிக்கு இவை எதுவும் பொருந்தாது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே போன்ற புயலில் நனைந்த பெட்டியை, மின்சாரம் வந்ததும் சோதித்துப் பார்க்கும் ஆசையில் இயக்கிவிடக் கூடாது. பல நாள் உலர வைத்து, எஸ்.எம்.பி.எஸ்ஸை மாற்றிய பின்னரே இயக்க வேண்டும்.

கடைக்குப் போகும் நிலை வந்தால், மானிட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு சி.பி.யு. பெட்டியை மட்டும் கொண்டு செல்லவும். இதுவரை எதையெல்லாம் சோதித்தீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவர்கள் முதலிலிருந்து தொடங்கத் தேவையிருக்காது.