ரப்பர் சண்டையிலிருந்து ஓர் ஆங்கிலப் பாடம்

ஏழு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தர முற்படும் எவரும், பெற்றோராயினும் ஆசிரியராயினும், நட்பையும் குடும்பத்தையும் அன்றாட வாழ்க்கையையும்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஐரோப்பிய கவுன்சில் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலும், தன்னையும் பிறரையும் அறிமுகப்படுத்துவது, வசிக்கும் இடம், தெரிந்த மனிதர்கள், தன்னிடமுள்ள பொருள்கள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது, பதில் சொல்வது ஆகியவற்றையே ஏ1 எனும் தொடக்க நிலைக்கு உரியனவாகக் கொள்கிறது. சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. நட்பு என்றதும் 'நண்பனுக்கு உதவு' என்னும் அறிவுரையும், குடும்பம் என்றதும் இருபது உறவுப்பெயர்கள் அச்சிட்ட வண்ண அட்டையும் வகுப்புக்குள் நுழைந்துவிடுகின்றன. பிள்ளை இரண்டையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறது. ஆனால் பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு பொருளை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கத் தெரியாமல் விழிக்கிறது.

ஒரு பாடத்துக்கு ஒரு சம்பவம், அதற்குள் இரண்டு பேர், அந்த இருவருக்கும் அந்த நேரத்தில் தேவைப்படும் நான்கைந்து வாக்கியங்கள்: பல ஆண்டுகள் வகுப்பெடுத்த பிறகு நான் வைத்துக்கொண்ட அளவு இதுதான். அறிவுரைக்கு இதில் தனி இடம் கிடையாது. சம்பவம் சரியாக அமைந்துவிட்டால், பிள்ளைகள் அதைத் தாங்களே கண்டுகொள்வார்கள்.

சம்பவத்தைத் தேர்ந்தெடுப்பது

வாய்மை, தியாகம், ஒற்றுமை போன்ற பெரிய சொற்களிலிருந்து தொடங்கினால் பாடம் நகராது. அந்த வயதில் நட்பு என்பது பெரும்பாலும் ஒரு ரப்பர், ஓர் இருக்கை, விளையாட்டில் யார் முதலில் என்பது போன்ற சின்ன விஷயங்களில்தான் உயிரோடு இருக்கிறது. ஆகவே ஒருவன் மற்றொருவனிடம் ரப்பர் இரவல் வாங்குகிறான், திருப்பித் தரும்போது அது இரண்டாக உடைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சண்டைக்குத் தேவையான மொழி மிகக் கொஞ்சம். 'கேன் ஐ பாரோ யுவர் ரப்பர்?' என்று ஒருவன் கேட்கிறான்; 'ஷ்யூர், ஹியர் யூ ஆர்' என்று மற்றவன் நீட்டுகிறான். சற்று நேரம் கழித்து 'யூ புரோக் இட்!' என்ற கூச்சல். அதற்குப் பதிலாக 'ஐம் சாரி, இட் வாஸ் அன் ஆக்சிடென்ட்.' கடைசியில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஒரு 'தட்ஸ் ஓகே.'

இந்த ஐந்து வரிக்குள் அனுமதி கேட்டல், கொடுத்தல், குற்றம் சாட்டல், மன்னிப்பு, சமாதானம் என எல்லாமே வந்துவிடுகின்றன. ஒரே ஒரு எச்சரிக்கை: 'பாரோ' சொல்லித்தரும் அன்றைக்கே அதன் மறுபக்கமான 'லெண்ட்' என்பதையும் சேர்த்துத் தர வேண்டும் என்ற ஆசை எழும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். நமக்கு வாங்குவதும் இரவல், கொடுப்பதும் இரவல், வினைதான் மாறுகிறது. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் இரண்டு தனிச்சொற்கள். இரண்டையும் ஒரே நாளில் கேட்ட பிள்ளை எது எதுவென்று தெரியாமல் பல மாதங்களுக்குக் குழம்பிக்கொண்டே இருக்கும். 'லெண்ட்' ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

வகுப்பை நடத்துவது

முதல் பத்து நிமிடங்கள் பிள்ளைகள் பேசவே வேண்டாம். இரண்டு நாற்காலிகளை எதிரெதிராகப் போட்டு, இடம் மாறி மாறி உட்கார்ந்து, இருவருடைய பேச்சையும் நீங்களே நடித்துக் காட்டுங்கள். கூச்சமாக இருந்தால் இரண்டு கையுறைப் பொம்மைகள் போதும். மொழிபெயர்த்துச் சொல்லத் தேவையில்லை. உடைந்த ரப்பர் கையில் இருக்கும்போது 'புரோக்' என்ன என்பதற்கு விளக்கம் எதற்கு? இரண்டாம் முறை நடிக்கும்போது 'கிவ் இட் பேக்' என்றால் எல்லோரும் தங்கள் ரப்பரை நீட்ட வேண்டும், 'ஐம் சாரி' என்றால் நெஞ்சில் கை வைக்க வேண்டும் என்பதுபோல் உடலால் பதில் சொல்லச் செய்யுங்கள். கேட்ட கட்டளைக்கு முதலில் உடம்பு பதில் சொல்லட்டும், வாய் பிறகு திறக்கட்டும் என்னும் இந்த வழியை ஜேம்ஸ் ஆஷர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1960-களில் ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு இதைவிடப் பாதுகாப்பான நுழைவாயிலை நான் கண்டதில்லை.

அதன்பின் வகுப்பில் பாதிப் பேர் ஒருவனாகவும் மீதிப் பேர் மற்றவனாகவும் சேர்ந்து சொல்லட்டும். பிறகு இருவர் இருவராகப் பிரியட்டும். நான்கைந்து முறை ஆனதும் சலிப்பு தட்டும் என்பதால், ரப்பரை ஸ்கேலாக மாற்றுங்கள், 'புரோக்' இருந்த இடத்தில் 'லாஸ்ட்' வையுங்கள், மன்னிக்க மறுக்கும் நண்பனாக ஒருவரை நடிக்கச் சொல்லுங்கள். மறுப்பவனைச் சமாதானப்படுத்த என்ன சொல்வது என்று பிள்ளைகள் தாமாகவே கேட்கும் அந்த நேரத்தில் 'ஐ வில் கிவ் யூ மைன்' என்ற வாக்கியத்தைக் கொடுத்தால், அது அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது தனியாகப் பழக வேண்டிய ஒரு வேலை. மேரி பட் ரோ என்னும் ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சுமார் 1 வினாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை 3 வினாடிக்கு மேல் நீட்டியதும் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் செறிவாகவும் அமைந்தன என்றும் கண்டார். அது அவர்களுக்குப் பழகிய மொழியில் நடந்த பாடம். இரண்டாம் மொழியில் ஒரு பிள்ளை பொருளைப் புரிந்துகொண்டு, சொல்லைத் தேடி, வரிசைப்படுத்தி வாய்க்குக் கொண்டுவர வேண்டும். நான் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்குவேன். மூன்றாவது விரலில் வகுப்பு நெளியத் தொடங்கும். நான்காவதில் யாராவது ஒருவர் பேசிவிடுவார்.

குடும்பம்: அட்டையைச் சுருட்டி வையுங்கள்

உறவுப்பெயர்களை ஒரே மூச்சில் கற்பிப்பது இயல்பான வழிபோலத் தோன்றினாலும், அது கற்றலைத் தாமதப்படுத்தும். ஒரே இனத்தைச் சேர்ந்த சொற்களைக் கொத்தாகக் கொடுத்தால் அவை ஒன்றோடொன்று மோதி மனத்தில் பதியத் தாமதமாகின்றன என்பதையும், ஒரு காட்சியைச் சுற்றி அமையும் பலவகைச் சொற்கள் எளிதில் பதிகின்றன என்பதையும் தாமஸ் டிங்கம் 1993-லும் 1997-லும் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். எனவே சிஸ்டர், பிரதர், ஆன்ட், அங்கிள் என்று அடுக்காமல், 'என் அக்கா கதவைத் தாழிட்டுக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறாள்' என்ற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். சிஸ்டர், டோர், லாக், நாக், ஆங்ரி ஆகிய ஐந்தும் ஒரே கதைக்குள் கோத்துக்கொண்டு வரும்.

தமிழ் பேசும் பிள்ளை உறவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் பேசும்போது ஏற்படும் தடுமாற்றங்களுக்குக் காரணம் கவனக்குறைவு அன்று, தமிழின் ஒழுங்கு. இது தெரிந்த ஆசிரியருக்குக் கோபம் வராது. அண்ணனும் தம்பியும் வெவ்வேறு உறவுகளாக இருக்கும் மொழியிலிருந்து வரும் பிள்ளைக்கு, இருவரும் 'பிரதர்' என்பது ஏதோ குறையாகச் சொல்வதுபோல் படுகிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் 'அங்கிள்' ஆகிவிடுவதைக் கேட்டு ஒரு சிறுமி 'அப்படியென்றால் ஆங்கிலம் பேசுகிறவர்கள் யார் யாரென்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?' என்று என்னிடமே கேட்டாள். நல்ல கேள்வி. தேவைப்பட்டால் 'மை மதர்ஸ் பிரதர்' என்று விரித்துச் சொல்வார்கள் என்று விளக்கியபோது அவளுக்கு ஒரு வாக்கிய அமைப்பே பரிசாகக் கிடைத்தது. 'எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்' என்பதை அப்படியே மாற்றி 'டு மீ ஒன் பிரதர் இஸ் தேர்' என்று சொல்லும் பிள்ளைக்கு, 'ஐ ஹேவ்' என்று தொடங்கும் நான்கு உண்மை வாக்கியங்களைத் தன்னைப் பற்றியே சொல்லச் செய்தால் போதும். இலக்கண விளக்கம் வேண்டாம்.

பாட்டியைப் பற்றிப் பேசும்போது திடீரென்று 'ஹி' என்று சொல்வதும், அம்மாவைத் 'தே' என்பதும் இவ்வாறுதான். 'அவர்' என்ற சொல்லில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. 'அவங்க' என்பது மரியாதைக்கும் ஆகும், பன்மைக்கும் ஆகும். பிள்ளை மரியாதையாகப் பேச நினைத்துத்தான் தவறுகிறது. ஆகவே திருத்துவதற்கு முன், ஆங்கிலத்தில் மரியாதை பிரதிப்பெயரில் இல்லை, வேறோர் இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்ட வேண்டும்.

அந்த வேறோர் இடத்தைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. தமிழில் 'தண்ணீர் கொடு' என்பதற்கும் 'தண்ணீர் கொடுங்கள்' என்பதற்கும் உள்ள தொலைவு முழுவதும் வினையின் ஈற்றிலேயே அடங்கிவிடுகிறது. அதனால் தனியே 'தயவுசெய்து' என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் கிண்டலாகக்கூட ஒலிக்கும். இந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் 'கிவ் மீ வாட்டர்' என்று சொல்லும்போது அதன் மனத்தில் இருப்பது 'கொடுங்கள்'தான். கேட்பவர் காதில் விழுவதோ 'கொடு'. எனவே 'பிளீஸ்' என்பதை நற்பழக்கமாகப் போதிப்பதைவிட, 'ங்கள்' செய்யும் வேலையை ஆங்கிலத்தில் 'குட் ஐ ஹேவ்', 'பிளீஸ்' என்ற சொற்களும் குரலின் இறக்கமும் சேர்ந்து செய்கின்றன என்று சொல்லுங்கள். ஒரே கோரிக்கையைத் தம்பியிடம், ஆசிரியரிடம், முன்பின் தெரியாதவரிடம் என மூன்று விதமாகக் கேட்கச் செய்யும் விளையாட்டு, ஒரு பாடவேளை முழுவதையும் தாங்கும்.

ஒரு தவற்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பணியைத் தொடங்கிய காலத்தில் 'மை ஃபாதர்' என்ற தலைப்பில் ஐந்து வரி எழுதச் சொன்னேன். தலைப்புக்குக் கீழே அழகாகக் கோடு போட்டுவிட்டு, மீதிப் பக்கத்தை வெறுமையாக விட்டு ஒரு சிறுவன் கொடுத்தான். காரணத்தை நான் மணியடித்த பிறகு, வேறொரு பிள்ளை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு 'வீட்டில் உனக்குப் பிடித்த ஒருவர்' என்றே தலைப்புக் கொடுக்கிறேன். யாரை எழுதுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்யும். ஒருமுறை அது ஒரு பூனையாகவும் இருந்தது.

அன்றாடமும் திருத்தமும்

காலையில் எழுவது, பல் துலக்குவது, பை எடுத்துக்கொள்வது போன்ற அன்றாடச் செயல்களை ஊமை நாடகமாக நடித்துக் காட்ட, மற்றவர்கள் 'யூ ஆர் பிரஷிங்' என்று ஊகிக்கலாம். செயல் நடந்துகொண்டிருப்பதைக் காட்டும் 'இங்' என்னும் ஈறு, ஆங்கிலம் கற்போருக்குப் பெரும்பாலும் முதலிலேயே வசப்பட்டுவிடுகிறது. 'ஷி பிரஷஸ்' என்பதில் வரும் அந்தச் சிறிய 'ஸ்' ஒலியோ மிகவும் தாமதித்து வருகிறது. ஆகையால் 'ஷி கோ' என்று சொல்லும் எட்டு வயதுப் பிள்ளையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

எப்போது திருத்துவது என்பதில்தான் நிதானம் தேவைப்படுகிறது. ஒரு பிள்ளை 'யெஸ்டர்டே மை பிரதர் ஃபால், கோ ஹாஸ்பிடல்' என்று சொன்னால், 'ஃபெல், வென்ட்' என்று திருத்தத் துடிக்கும் நாக்கைக் கட்டிப்போட்டுவிட்டு, 'இஸ் ஹி ஓகே நவ்?' என்று கேளுங்கள். வீட்டில் நடந்ததைச் சொல்ல வந்த பிள்ளைக்கு இறந்தகாலம் பத்து நிமிடம் கழித்து வரலாம். அப்போதும் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லிவிட்டு நகர்வதால் பெரிய பயன் கிடைப்பதில்லை. ராய் லைஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிரியர்கள் மிக அதிகமாகக் கையாளும் அந்த முறைக்கே மாணவர்கள் மிகக் குறைவாகச் செவிசாய்க்கிறார்கள் என்று தெரியவந்தது. 'யெஸ்டர்டே ஹி...?' என்று பாதியில் நிறுத்தி, புருவத்தை உயர்த்திப் பாருங்கள். தெரிந்த பிள்ளை தானே திருத்திக்கொள்ளும். தெரியாவிட்டால் அது நீங்கள் இன்னும் கற்பிக்காத ஒன்று.

கற்றது மறக்கும். எர்மன் எபிங்காஸ் என்னும் ஜெர்மானிய உளவியலாளர் 1885-இலேயே தன்னைத்தானே சோதித்து, மறதி முதல் சில மணி நேரங்களில்தான் வேகமாக நடக்கிறது என்று காட்டியிருக்கிறார். மறுநாள் இரண்டு நிமிடம், மூன்றாம் நாள் இரண்டு நிமிடம், அடுத்த வாரம் ஒருமுறை என்று ரப்பர் சண்டையை மீண்டும் மேடையேற்றினால் போதும். வருகைப்பதிவு எடுக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கற்றார்களா என்று பார்க்கக் கோடிட்ட இடத்தை நிரப்பும் தாளை நான் பயன்படுத்துவதில்லை. எட்டுப் பிள்ளைகளுக்கு மூன்றே கத்தரிக்கோல்களைக் கொடுத்து ஒரு காகித வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு, ஏதோ எழுதுவதுபோல் மேசையருகே உட்கார்ந்துகொள்வேன். முதல் இரண்டு நிமிடங்களில் பிடுங்கலும் தமிழும்தான் கேட்கும். பிறகு யாராவது ஒருவர் என் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு 'கேன் ஐ பாரோ...' என்று தொடங்குவார். மேசையில் இருக்கும் குறிப்பேட்டில் அந்தப் பெயருக்கு நேராக ஒரு புள்ளி வைத்துவிட்டு, அடுத்த குரலுக்காகக் காத்திருப்பேன்.