எம்ஜிபி காருக்கு பிரேக் பைப் மாற்றும் முறை

எம்ஜிபி, 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில் செய்த கார். அதன் பழைய இரும்பு பிரேக் பைப் மேலுக்கு நன்றாகத்தான் தெரியும். கிளிப் பிடித்த இடத்தில் ஈரம் தேங்கி அரித்திருக்கும். கிளிப்பைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள். செதில் உதிர்ந்தால் முழு செட்டையும் மாற்றுங்கள். பிரேக்கில் ஒட்டுவேலை கூடவே கூடாது.

நான் போடுவது 3/16 அங்குல செம்பு-நிக்கல் பைப். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். வெறும் செம்பு வேண்டாம். அதிர்வில் இறுகி விரிசல் விடும்.

முந்தின இரவே நட்டுகளில் துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். ஃபிளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும்; பைப் நுழைய வாயில் சிறு இடைவெளி விட்டு, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்பேனர் அது. சாதாரண ஸ்பேனர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும். நட்டோடு பைப்பும் சுற்றினால் தயங்காமல் பைப்பை அறுத்துவிட்டு ஆறுமுனை சாக்கெட் போடுங்கள். கழற்றிய பைப்பை எறியாதீர்கள், புதியதை வளைக்க அதுதான் அளவு.

வெட்டிய முனையில் பிசிறு நீக்கி, உள்ளே ஊதிச் சுத்தம் செய்து, நட்டைக் கோத்த பிறகே ஃபிளேர் போடுங்கள், அதாவது இணைப்பில் ஒழுகாமல் பொருந்தும்படி பைப் முனையை விரித்து வடிவமாக்குங்கள். வெளிமரை நட்டுக்கு ஒற்றை ஃபிளேர், உள்மரை நட்டுக்கு இரட்டை (விரித்த முனையை மறுபடி உள்ளே மடிப்பது). பழைய முனையோடு ஒப்பிட்டுவிடுங்கள். வடிவம் மாறினால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

நட்டு முதலில் விரலாலேயே சில சுற்று ஏற வேண்டும். பிறகு டாட் 4 பிரேக் திரவம் ஊற்றி, மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை அழுத்தினால் திரவத்தைத் தள்ளும் பாகம்) தூரமான சக்கரத்தில் தொடங்கி, பைப்பில் சிக்கிய காற்றை எடுங்கள். திரவம் பெயின்டில் பட்டால் உடனே கழுவுங்கள். கடைசியாக ஒருவரை பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஒவ்வொரு இணைப்பையும் காகிதத்தால் துடையுங்கள். துளி ஈரம் தெரிந்தாலும் வண்டியை எடுக்காதீர்கள்.