உங்கள் தெருச்சாலையின் கணக்கைக் கேட்டு வாங்குவது எப்படி?

எங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலை, இரண்டாவது மழைக்காலத்திலேயே ஜல்லி பெயர்ந்து கிடந்தது. குடிநீர்க் குழாய் பதிக்க ஓரத்தை வெட்டியபோது சாலையின் கனம் வெளியே தெரிந்தது. மகளின் ஸ்கேலை வைத்து அளந்தேன்: ஒன்பது சென்டிமீட்டர். எவ்வளவு கனத்துக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது அலுவலகத்துக் காகிதத்தில் இருக்கும். அதை வாங்க யாருடைய தயவும் தேவையில்லை.

1. வேலை நடந்த இடத்தில் உள்ள பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தின் பெயர், ஆண்டு, தொகை அதில் இருக்கும். பலகை இல்லையென்றால் தெருவின் பெயரும் ஆண்டும் போதும்.

2. வெள்ளைத் தாளில், தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் என்று குறிப்பிட்டு, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை; அலுவலர் உங்களிடம் காரணம் கேட்கக் கூடாது என்று பிரிவு 6(2) சொல்கிறது. மனுவைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

3. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். “சாலை ஏன் தரமில்லை?” என்று கேட்டால், அப்படி ஒரு ஆவணம் இல்லை என்று பதில் வரும். பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள். ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுத்த பட்டியல், எல்லாவற்றுக்கும் மேலாக அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். நீளம், அகலம், கனம் மூன்றையும் எழுதிப் பொறியாளர் கையெழுத்திடுவது அந்தப் புத்தகத்தில்தான். பிரிவு 2(j)-இன்படி வேலையை நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட உங்களுக்கு உரிமை உண்டு.

4. முப்பது நாள் காத்திருங்கள். பதில் வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். அங்கும் நடக்கவில்லையென்றால் தொண்ணூறு நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம்.

5. நகல் வந்ததும் தனியாகப் போய் யாரிடமும் வாதாடாதீர்கள். தகவல் கேட்டவர்கள் தாக்கப்பட்டதும் கொல்லப்பட்டதும் இந்த நாட்டில் நடந்திருக்கிறது. தெருக்காரர்களுடன் கிராம சபைக்குப் போங்கள். இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1994-இல், ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் வேலைக் கணக்குகளை ஊர் நடுவே வாசித்தார்கள். வேலை செய்யாதவர்களின் பெயரில் கூலி எழுதியிருந்ததை ஊராரே எழுந்து சொன்னார்கள்.

எங்களுக்கு வந்த பக்கத்தில் கனம் பதினைந்து சென்டிமீட்டர் என்று இருந்தது. அக்டோபர் 2 கிராம சபையில் அதை வாசித்து, குழாய்ப் பள்ளத்தில் எடுத்த படத்தையும் காட்டினோம். மறு அளவீடு வேண்டும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.