ஹோம் எடுக்காத மெஷின்: புரோகிராமை அப்புறம் பாருங்க

வாலிநோக்கம், மண்டபம் பக்கம் உப்பு பாக்கெட் மெஷின், மீன் பேக்கிங் லைன் ஓட்டுறவங்களுக்கு: ஹோம் பொசிஷன் (மெஷின் அளவெடுக்கத் தொடங்குற ஆரம்ப இடம்) அலாரம் வந்ததும் பி.எல்.சி. (மெஷினை ஓட்டுற கண்ட்ரோல் கம்ப்யூட்டர்) புரோகிராமில் கை வைக்காதீங்க. எமர்ஜென்சி ஸ்டாப்பை அமுக்கிட்டு, ஹோம் சென்சார் (அந்த இடத்தில் இரும்பு வந்தா சிக்னல் தர்றது) முகத்தில் ஒரு ஸ்பேனரைக் காட்டுங்க. சென்சார் விளக்கு எரிஞ்சும் பி.எல்.சி. இன்புட் விளக்கு எரியலையா? பெரும்பாலும் வயர், கனெக்டர் கோளாறுதான். நம்ம உப்புக்காத்துக்கு கனெக்டர் பின்னில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். மெயினை அணைச்சுட்டு, காண்டாக்ட் கிளீனர் அடிச்சுத் துடைங்க.

ஹோம் எடுத்தும் இடம் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்தா கப்ளிங் (மோட்டார் ஷாஃப்டை மெஷினோட இணைக்கிறது) ஸ்க்ரூ லூஸா பாருங்க. ஷாஃப்டுக்கும் கப்ளிங்குக்கும் சேர்த்து மார்க்கரில் ஒரு கோடு போட்டு வச்சா, வழுக்கினது உடனே தெரிஞ்சிரும்.

சில நாள் மட்டும் மோட்டாரின் ஒரு முழுச் சுற்று அளவு தள்ளி நிக்குதா? (இதுதான் ஆளைக் குழப்புறது.) சென்சார் மாறும் இடம், என்கோடரின் (மோட்டார் சுற்றை அளக்குறது) இசட் பல்ஸை (சுற்றுக்கு ஒரு தடவை வர்ற சிக்னல்) ஒட்டி இருக்கும்; அதனால சில நேரம் அடுத்த சுற்றின் பல்ஸைப் பிடிச்சிரும். சென்சாரை அரைச் சுற்று அளவு நகர்த்திட்டு, ஹோம் ஆஃப்செட்டை (ஹோமிலிருந்து தள்ளி வைக்கிற அளவு) திரும்பச் சரிபாருங்க.