பேப்பர் சிற்ப வேலையில கத்திய எடுக்கறதுக்கு முன்னாடியே நடக்கிற தப்புங்க

பேப்பர்ல சிற்பம் செய்றேன்னு சொன்னா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி, அவ்வளவு நுணுக்கமா வெட்டறப்போ கை நடுங்காதான்னு. நடுங்கும், அதுக்கென்ன, வேற தாள் எடுத்து வெட்டிக்கலாம். நான் இந்த வேலையில காசு விட்டது கை நடுங்கி இல்ல. காத்துல விட்டேன், பசையில விட்டேன், வாய்ப்பேச்ச நம்பி விட்டேன். புதுசா இறங்கற தம்பி தங்கச்சிங்க வெட்டறதுல என்னைவிட கெட்டிக்காரங்க, ஆனா விழற குழி மட்டும் நான் விழுந்த அதே குழிதான்.

பெரிய குழி ஈரம். ஒரு தீபாவளிக்கு இங்க மலேசியாவுல, பினாங்கு தீவுல ஒரு மால்ல மயில் கேட்டாங்க, தோகை மட்டும் ஆறடி. பட்டர்வொர்த்ல எங்க வீட்டு முன்கூடத்துல ஃபேன் மட்டும் போட்டுட்டு மூணு வாரம் உக்காந்து செஞ்சேன், ஒவ்வொரு பீலியும் பச்சை அட்டை, அதுக்கு மேல தங்க ஃபாயில் பேப்பர் முழுசா ஒட்டி, பாக்க அப்படி ஒரு அழகு. பாலம் தாண்டி கொண்டு போய் ராத்திரி பதினோரு மணிக்கு மாட்டி முடிச்சு வீட்டுக்கு வந்து படுத்தாச்சு. மறுநாள் மத்தியானம் போன் வருது, அண்ணே உங்க மயிலு தோகைய மடக்கிக்கிச்சுன்னு. ஓடிப் போய் பாத்தா ஒவ்வொரு பீலியும் பின்பக்கமா வளைஞ்சு, யாரோ திட்டின மாதிரி நிக்குது. சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

என்ன நடந்துச்சுன்னா, பேப்பர் தண்ணி குடிக்கும். நம்ம ஊரு காத்துல ஈரம் எப்பவும் அதிகம், மழை நாள்ல 90% தாண்டும், அந்த ஈரத்த குடிச்சு உப்பின அட்டையிலதான் நான் வேலை செஞ்சேன். மால் ஏர்கான்ல காத்து காய்ஞ்சு கிடக்கு, அட்டை குடிச்சத கக்கி சுருங்குது, ஆனா முன்னாடி ஒட்டின ஃபாயில் சுருங்காது, அப்போ சுருங்கற பக்கம்தான இழுக்கும், பின்னால வளைஞ்சிடுச்சு. ராத்திரி ஏர்கான நிறுத்தினா திரும்ப கொஞ்சம் நிமிரும், காலையில திரும்ப வளையும், இப்படி நாலு நாள் ஆடினா ஒட்டு விட்டுடும். பேப்பர் சோதிக்கற லேப்ல தாள முதல்ல 23 டிகிரி சூடு, 50% ஈரம் இருக்கிற ரூம்ல பழக்கிட்டுதான் எதையுமே அளப்பாங்களாம், அதுக்கு ஐஎஸ்ஓ 187ன்னு ஒரு தரமே இருக்கு. நமக்கு லேப் எல்லாம் வேணாம், மாலுக்கு போற வேலைன்னா அட்டைய ரெண்டு நாள் ஏர்கான் ரூம்ல பிரிச்சு வச்சுட்டு அதே ரூம்ல செய்யுங்க. முன்பக்கம் எத ஒட்டினீங்களோ அதுக்கு சரிக்கு சரியா பின்பக்கமும் ஒண்ண ஒட்டிடுங்க, ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தா நேரா நிக்கும். அந்த மயிலோட ஒரு பீலி இன்னும் என் மேசைக்கு மேல தொங்குது. அது நிமிர்ந்து நின்னா வெளிய மழை, வளைஞ்சிருந்தா அன்னிக்கு வெட்டலாம்.

இதோட சேந்ததுதான் நார் ஓடற திசை. எந்த அட்டையானாலும் மெஷின்ல வர்றப்போ நாரெல்லாம் பெரும்பாலும் ஒரே திசையில படுக்கும். ஈரம் பட்டா நாரு நீளத்துல அதிகம் வளராது, அகலத்துலதான் உப்பும். அட்டைய ரெண்டு பக்கமும் உடைக்காம லேசா வளைச்சு பாருங்க, எந்தத் திசையில மடிப்புக்கோடு சுலபமா வருதோ அதுதான் நார் ஓடற வழி. இது தெரியாம ஒரு தாள நெடுக்கவும் இன்னொரு தாள குறுக்கவும் வச்சு ஒட்டினா, பசை காயறதுக்குள்ளயே அப்பளம் மாதிரி ஆயிடும். ஸ்கூல்ல எல்லாரும் மணிலா கார்டுல, அந்த கலர் அட்டையில ஆரம்பிச்சவங்கதான், நானும்தான், ஆனா வெயில் படற இடத்துல அதோட கலரு எவ்வளவு சீக்கிரம் வெளுக்கும்னு பாத்தவங்களுக்கு தெரியும். வாங்கறப்போ ஓரத்த பாருங்க, உள்ளயும் அதே கலரா இல்ல மேல மட்டும் அச்சடிச்சு உள்ள வெள்ளையான்னு. உள்ள வெள்ளைன்னா மடிக்கற இடமெல்லாம் வெள்ளைக்கோடு பல்லக் காட்டும், கருப்பு அட்டையில அது இன்னும் அசிங்கம். மடிப்புக்கு கத்தியால அரைவெட்டு, அதாவது பாதி ஆழத்துக்கு மட்டும் வெட்டு, போடறவங்க வெட்டு வெளிப்பக்கம் வர்ற மாதிரி மடிக்கணும், உள்பக்கம் மடிச்சா வெட்டோட ரெண்டு ஓரமும் ஒண்ண ஒண்ணு முட்டி மடிப்பு கோணிக்கும்.

பெருசா செய்றப்போ இன்னொரு தப்பு, எடைய பேப்பர் தலையிலயே ஏத்தறது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை வாங்கிட்டேன் தாங்கும்னு சொல்வாங்க, தாங்காது லா. சீனங்களோட ஏழாம் மாசத்துல பினாங்கு முழுக்க பந்தல்ல உக்காந்திருக்குமே தாய் சூ யா, பேய்ங்களோட ராஜான்னு கும்பிடற பெரிய பேப்பர் உருவம், அத செய்ற ஒரு வயசான அங்கிள் கிட்ட போய் நின்னு பாத்துருக்கேன். மூங்கில கீறி, பேப்பர் நாடாவால கட்டி முழு எலும்புக்கூட்டையும் முதல்ல நிமிர்த்திடறாரு, பேப்பர் கடைசியில வர்ற தோல் மட்டும்தான். அதுவும் பூஜை முடிஞ்சதும் எரிக்கப் போற உருவம், அதுக்கே அவ்வளவு எலும்பு. நம்மளுது ரெண்டு மாசம் நிக்கணும், நாம எலும்பே இல்லாம செய்றோம்.

பசை விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். குளூ கன் அவசரத்துக்கு நல்லாருக்கும், ஆனா மத்தியான வெயில்ல நிறுத்தின காரோட பூட்ல வச்சீங்கன்னா இளகி எல்லாம் நகந்து போயிருக்கும். மைதா கஞ்சி, ஸ்டார்ச் பசை எல்லாம் புத்தகத்துக்குள்ள ஓடுமே அந்த வெள்ளி நிற பூச்சிக்கு விருந்து. நான் வெள்ளை பிவிஏ பசைதான், அதுவும் பிரஷ்ல மெல்லிசா, ஊத்தினா அட்டை நனைஞ்சு அலை அலையா வரும்.

இப்ப காசு. வெட்டற நேரத்துக்கு மட்டும் கணக்கு போட்டு 800 வெள்ளின்னு (ரிங்கிட்) சொல்லிடுவோம், அப்புறம் டோல், பார்க்கிங், ஏணி தூக்க ஒரு ஆள், மால் மூடின பிறகுதான் மாட்டணும்னு ராத்திரி முழுக்க முழிப்பு, பண்டிகை முடிஞ்சதும் கழட்டறது, இதெல்லாம் யார் தலையில? பாதி காசு கைக்கு வராம அட்டை வாங்கவே போகாதீங்க. தெரிஞ்சவங்கதானன்னு விட்டு ஒரு தடவை எட்டு மாசம் அலைஞ்சேன், ஆபிஸ்ல ஒவ்வொரு தடவையும் கோப்பி குடுத்தாங்க, காசோலைதான் குடுக்கல.

அதைவிட பெரிய தப்பு, எனக்கே ரொம்ப லேட்டா தெரிஞ்சது. நான் செஞ்சது, அப்போ உரிமையும் எனக்குத்தானன்னு நினைச்சுட்டு இருந்தேன். மலேசியாவோட 1987 காப்புரிமை (காப்பிரைட்) சட்டம், 26ஆம் பிரிவு வேற மாதிரி சொல்லுது, ஒருத்தர் ஆர்டர் குடுத்து செய்ய சொன்ன வேலைன்னா, வேற விதமா ஒப்பந்தம் இல்லாத வரைக்கும் காப்புரிமை ஆர்டர் குடுத்தவருக்கு போயிட்டதாத்தான் கணக்கு. நீங்க செஞ்ச யானைய படம் எடுத்து அவங்க பேப்பர் பை, காலண்டர்னு அடிச்சு வித்தா வாய மூடிட்டு பாக்க வேண்டியதுதான். அதனால விலை சொல்ற அதே தாள்லயே ரெண்டு வரி சேருங்க, டிசைன் உரிமை என்கிட்டயே இருக்கும், நீங்க இந்த பண்டிகை அலங்காரத்துக்கு மட்டும் வச்சுக்கலாம்னு. ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்குங்க. மூஞ்சிய சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

இன்னொண்ணு, முறுக்கு தின்னுட்டு வந்து வெள்ளை அட்டைய தொடாதீங்க, அன்னிக்கு ஒண்ணும் தெரியாது, ஸ்பாட்லைட் போட்டதும் அஞ்சு விரலும் பளிச்சுன்னு தெரியும். பழைய பிளேட அப்படியே குப்பைப் பையில போடறதும் வேணாம். எங்க வீட்ல ஒரு தடவை குப்பைய கட்டறப்போ அம்மா விரல் கிழிஞ்சு மூணு தையல் போட்டாங்க. இப்ப ஒரு மைலோ டின்னு, மூடியில சின்னதா கீறல் போட்டு உண்டியல் மாதிரி வச்சிருக்கேன், முக்கால்வாசி ரொம்பிடுச்சு, தூக்கி ஆட்டினா சில்லறை மாதிரி சத்தம் வரும், அக்கா பையன் அதுல காசு இருக்குன்னே நம்பிட்டு இருக்கான், அதனால அலமாரிக்கு மேல தூக்கி வச்சுட்டேன்.