தீ ஓடும் நேரம் ஏன் மாறியது? – என் அனுபவம்

ராணிப்பேட்டையில் ஒரு சின்ன லேப்பில், தூளாக வரும் ரசாயனங்கள் எளிதில் தீப்பற்றுமா என்று சோதிப்பது என் வேலை. அபாயகரமான பொருட்களை வகைப்படுத்தும் ஐ.நா. கையேட்டில் உள்ள ‘என்.1’ என்ற சோதனை அது. 250 மி.மீ. நீள முக்கோண அச்சில் தூளை நிரப்பி, 20 மி.மீ. உயரத்திலிருந்து மூன்று முறை தட்டி, பலகையில் கவிழ்த்து ஒரு முனையில் பற்றவைப்போம். உலோகத்தூள் அல்லாத பொருளில், 100 மி.மீ. தூரத்தைத் தீ 45 விநாடிக்குள் கடந்தால் அது தீப்பற்றும் திடப்பொருள்.

ஐப்பசி மழையில் ஒரே சாம்பிள் 49 விநாடி காட்டியது, அடுத்து 63. லாரியில் ஒட்டும் லேபிளே இந்த எண்ணை நம்பித்தான் இருக்கிறது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஈரம் என்று நினைத்து டப்பாவை இறுக்கி மூடினேன். பலனில்லை. அப்புறம் லேப்பில் மூத்த அண்ணன் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“தம்பி, புகையைப் பாரு. தீ முன்னால வருது, புகை பின்னால ஓடுது.”

புகைக்கூண்டின் (புகையை உறிஞ்சி வெளியேற்றும், கண்ணாடிக் கதவு வைத்த பெட்டி) காற்றோட்டத்துக்கு எதிராகத் தீயை ஓடவிட்டிருந்தேன். தூள் வரிசை காற்றுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். காற்றின் வேகமும் நடுவில் மாறக்கூடாது. ஆனால் நான் அந்தக் கண்ணாடிக் கதவை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு உயரத்தில் வைத்திருந்தேன். அடியில் ஸ்டீல் தட்டு வேறு, வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது.

வெப்பத்தை எளிதில் கடத்தாத பலகைக்கு மாற்றி, வரிசையைக் குறுக்கே வைத்து, கதவு உயரத்துக்கு டேப்பால் அடையாளம் ஒட்டினேன். முதல் ஓட்டமே 43 விநாடி. தீப்பற்றும் பொருள் என்று சொல்ல, விதிப்படி 45-க்குள் வந்த அந்த ஓட்டம் ஒன்றே போதும். ஆனாலும் மனம் கேட்காமல் இன்னும் இரண்டு முறை பார்த்தேன்: 42, 43. அன்று மாலையே பழைய அறிக்கையைத் திரும்ப வாங்கித் திருத்திக் கொடுத்தோம்.